அறுபத்திரண்டில் ஒரு கோடு

செப்டம்பர் 5, திங்கள்

மதுரை வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி இன்று முதல் நாட்குறிப்பு. பங்கு வாங்குகிறவன் மூன்று விஷயம் எழுத வேண்டுமாம்: ஏன் வாங்கினான், எந்த விலையில் வெளியேறுவான், வாங்கும்போது மனம் எப்படி இருந்தது. மூன்றாவதைச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வகுப்புக்காரர் சிரிக்கவில்லை. "மனசை எழுதாதவன் பணத்தை எழுதிக் குடுத்துருவான்" என்றார். கட்டின பணத்தில் பாதி அந்த ஒரு வாக்கியத்துக்கே சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

வாங்கியது செங்கமலம் மில் பங்கு. விலை அறுபத்தாறு ரூபாய். ஏன் என்றால், இரண்டு வருடத்தில் மூன்று முறை விலை அறுபத்திரண்டு வரை விழுந்து, மூன்று முறையும் அங்கிருந்தே எழுந்திருக்கிறது. அப்படி விழுந்த விலை காலூன்றி நிற்கும் இடத்தைச் சப்போர்ட் என்கிறார்கள். விலைப் படத்தை அச்செடுத்து மூன்று புள்ளிகளையும் ஸ்கேல் வைத்து இணைத்தேன். ரசமட்டம் பார்த்துக் கட்டினதுபோல் ஒரே நேர்கோடு. இன்ஜினியர் ஆபீசில் காலமெல்லாம் வீட்டு பிளான் வரைந்தவன் நான். நேர்கோட்டைக் கண்டால் எனக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

வெளியேறும் விலை அறுபது. இதற்கு ஸ்டாப்லாஸ் என்று பெயர். அதைத் தொட்டால் ஏன் எதற்கு என்று கேட்காமல் விற்றுவிட வேண்டும். செண்பகம் சம்மதித்ததே இந்த ஒரு நிபந்தனையில்தான். இன்ஜினியர் காலமாகி, அவர் மகன் ஆபீசை மூடியபோது எனக்குக் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் பாதி இதில் போகிறது. மீதிப் பாதியின் வட்டியில்தான் பாலும் மளிகையும் ஓடுகின்றன. இந்தப் பாதி போனால் ஐம்பத்தாறு வயதில் யாராவது சின்னப் பையனின் ஆபீசில் போய் ஸ்டூலில் உட்கார வேண்டும். அவன் என்னை 'திருமலைக்கொழுந்து சார்' என்று கூப்பிட்டு வேலை வாங்குவான். அதை நினைத்தாலே முதுகு வலிக்கிறது.

மனம்: அசதி. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்ததில் பாதிக் காலை போயிற்று.

செப்டம்பர் 11, ஞாயிறு

செண்பகத்தின் தம்பி பூவலிங்கம் சாப்பிட வந்திருந்தான். செங்கமலம் மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரி. இனாம் மணியாச்சிப் பக்கம் வீடு கட்டுகிறான். பிளான் நான் வரைந்ததுதான். சுவர் எழும்பிவிட்டது. கூரைக்குக் கான்கிரீட் போட பி.எஃப். பணம் எடுத்துக் கையில் வைத்திருக்கிறான். சென்டரிங் தகடு அடித்தாயிற்று, கம்பி கட்ட வேண்டும்.

இரண்டாம் சோற்றுக்கு ரசம் ஊற்றும்போது ஆரம்பித்தான்.

"அத்தான், மில்லுல ஒரு சமாச்சாரம். பஞ்சு லாரி முன்ன மாதிரி..."

கையைக் காட்டி நிறுத்தினேன். வகுப்பில் முதல் விதியே இதுதான். செய்தி கேட்கக் கூடாது. கம்பெனிக்குள் நடப்பது எல்லாம் விலைக்கு முன்பே தெரியும். செய்தி காதில் விழுந்தால் கோடு போடுகிற கை நடுங்கும்.

"அதெல்லாம் வெலையில ஏற்கெனவே வந்துருக்கும் மாப்ள."

"எனக்கே நேத்துதான் தெரியும். வெலைக்கு அதுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

"யாரு சொல்லுவா?"

செண்பகம் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. பெரிய பணம் வைத்திருப்பவர்கள் ஆயிரம் வழியில் விசாரித்துத்தான் வாங்குவார்கள், அவர்களின் கால்தடம் படத்தில் தெரியும் என்று விளக்கினேன். அவன் தலையாட்டிக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினான். தன் சமாச்சாரத்தைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 20, செவ்வாய்

விலை அறுபத்தேழு. மிக்சி ஜாரில் பிளேடு சுற்றவில்லை.

அக்டோபர் 6, வியாழன்

விலை அறுபத்துமூன்று. பயமில்லை, கோடு கீழே இருக்கிறது. படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். அறுபத்திரண்டு பேனாவில், அறுபது பென்சிலில்.

செண்பகம் சொன்னாள், "தம்பி இப்பம்லாம் ராத்திரி வீட்லதான் இருக்கானாம்." மூன்றாவது ஷிப்ட் நிறுத்திவிட்டார்கள் என்று அடுத்துச் சொல்லியிருப்பாள். நான் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பாவம், செவ்வரளி. ஒரே நாளில் இரண்டு தடவை குளித்தது.

அக்டோபர் 24, திங்கள், தீபாவளி

இன்று மாலை ஒரு மணி நேரம் மட்டும் பங்குச் சந்தையைத் திறப்பார்கள். முகூர்த்த நேரம். அதில் ஒரு பங்காவது வாங்கினால் வருடம் முழுக்க லட்சுமி வருவாளாம். கோடும் கணக்கும் பேசுகிறவர்கள்தான், இன்றைக்கு மட்டும் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைப்பார்கள். நானும் வைத்தேன்.

பூவலிங்கம் பலகாரத்தோடு வந்தான். கூடவே மில்லிலிருந்து இரண்டு பேர். ஒருவர் சவரிமுத்து, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவு. மற்றவர் மாடக்கண்ணு, எலக்ட்ரீஷியன், அதிகம் பேசாதவர். போனஸ் பாதிதான் கொடுத்தார்களாம். வாசலில் நிற்கும்போதே மூவரின் முகமும் தீபாவளி முகமாக இல்லை.

"இவ்வொளுக்கு ஒங்க படத்தப் பாக்கணுமாம் அத்தான்" என்றான் பூவலிங்கம்.

சுவர்ப் படத்தின் முன்னால் நின்று மூன்று பேரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். சவரிமுத்துதான் கேட்டார்.

"சார், உள்ளதச் சொல்லுங்க. மில்லு தேறுமா?"

மில்லுக்குள் இருப்பவர்கள் மில்லைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மனதை எழுதச் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். ஆபீஸ் மூடினபிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

பேனாக் கோட்டைக் காட்டினேன். மூன்று முறை இங்கே வந்து திரும்பியிருக்கிறது, யாரோ ஒரு பெரிய கை இந்த விலையில் காத்திருந்து வாங்குகிறது, மில்லில் ஒன்றும் இல்லாமல் அவன் வாங்குவானா என்றேன்.

"ஆனா சார், மெஷினுக்குத் துணி போத்திப் போட்டுருக்காவ" என்றார் சவரிமுத்து. "நாங்க கண்ணால பாக்கோம்லா."

"நீங்க ஒரு மூலையப் பாக்கிய. படம் முழுசையும் பாக்கும்."

மாடக்கண்ணு பென்சில் கோட்டைத் தொட்டு, "இது என்ன சார்?" என்று கேட்டார். அது என் சொந்தக் கணக்கு, வேறு விஷயம் என்றேன். ஸ்டாப்லாஸ், அது இது என்று ஆரம்பித்தால் பலகாரம் ஆறிவிடும்.

பூவலிங்கம் புதிதாகக் கணக்குத் திறந்திருக்கிறானாம். முகூர்த்தத்தில் செங்கமலம் மில் பங்கு பத்து வாங்கினான். மற்ற இரண்டு பேரும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். போகும்போது படத்தில் ஒரு ஜெராக்ஸ் கேட்டான். கொடுத்தேன்.

நவம்பர் 9, புதன்

அறுபத்திரண்டைத் தொட்டுவிட்டு விலை எழுந்துவிட்டது. அறுபத்தைந்து. வழக்கமாக இந்தப் பங்கில் ஈயாடாது. இன்று இரண்டு மாதத்து வியாபாரம் ஒரே நாளில். பெரிய கை வந்துவிட்டது. செண்பகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லது, அந்தக் கை கேஸ் சிலிண்டருக்கும் சேத்துக் குடுக்குமான்னு கேளுங்க" என்றாள்.

நவம்பர் 23, புதன்

மறுபடி அறுபத்துமூன்று. மழை.

செண்பகம் தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டு வந்தாள். சென்டரிங்காரர் வாடகை வரவில்லையென்று தகடுகளையெல்லாம் பிரித்துக்கொண்டு போய்விட்டாராம். சுவருக்கு மேலே வானம்தான் இருக்கிறதாம். பூவலிங்கத்தைக் கேட்டால் மழை விடட்டும், தையில் போடுவோம் என்கிறானாம்.

"கான்கிரீட்டுக்குன்னு எடுத்த பணம் கையில இருக்கு. மழை நேத்துதான வந்துச்சு" என்றாள் என்னிடம்.

எனக்கு என்ன தெரியும்? ஐப்பசி, கார்த்திகையில் கான்கிரீட் போடாமல் இருப்பது நல்லதுதான் என்று சொன்னேன். தொழில் தெரிந்தவன் சொல்வதால் அத்தோடு விட்டுவிட்டாள்.

டிசம்பர் 9, வெள்ளி

மீண்டும் திருப்பம். அறுபத்திரண்டிலிருந்து அறுபத்து நாலரை.

டிசம்பர் 12, திங்கள்

ஒரு கண்டுபிடிப்பு. இந்தப் பங்கு நினைத்த நேரத்தில் திரும்புவதில்லை. மாதம் பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் திரும்புகிறது. நவம்பரிலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். இதற்குச் சுழற்சி என்று பெயர். வகுப்பில் ஒரு மத்தியானம் முழுக்க இதையே நடத்தினார்கள். பஞ்சாங்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். திதியோடு ஒத்துவரவில்லை. பௌர்ணமிக்கு ஒத்துவருகிற மாதிரி வந்து, வரவில்லை. மும்பையில் ஏதோ ஒரு பெரிய நிறுவனம் மாதத் தவணையில் வாங்குகிறது என்று முடிவு செய்தேன்.

செண்பகம் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

"மாசம் பொறந்து ஒரு வாரத்துலயா?"

"ஆமா."

"அப்பம்தான எல்லாருக்கும் சம்பளம் வரும். சீட்டுக் கட்டுறது, கேபிளுக்குக் குடுக்கிறது எல்லாம் அப்பம்தான்."

"அது வீட்டு விஷயம் செண்பகம். இது சந்தை."

"சரி" என்றாள்.

ஜனவரி 10, செவ்வாய்

திருப்பம் வரவில்லை. அறுபத்தொன்று. ஒருநாள் இரண்டு நாள் தள்ளும்.

ஜனவரி 12, வியாழன்

காலையில் விலை அறுபதைத் தொட்டது. விற்றிருக்க வேண்டும். விற்கவில்லை.

ஏன் என்று எழுதுகிறேன். நாள் படத்தில் பார்த்தால்தான் கோடு உடைந்த மாதிரி இருக்கிறது. வாரப் படத்துக்கு மாற்றினால் உடையவே இல்லை. மாதப் படத்தில் பார்த்தால் எல்லாம் அமோகம். பென்சில் கோட்டை அழித்து ஐம்பத்தெட்டில் போட்டேன். ரப்பர் நல்ல ரப்பர், தடம் தெரியவில்லை.

மனம்: எழுத விருப்பமில்லை.

ஜனவரி 15, ஞாயிறு, பொங்கல்

பூவலிங்கம் அக்காவுக்குப் பொங்கல்படி கொண்டுவந்தான். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு ஒன்று. எப்போதும் ஒரு கட்டு வரும். செண்பகம் அதைப் பார்க்காதவள்போல் வாங்கி உள்ளே வைத்தாள். மெலிந்திருக்கிறான்.

"சம்பளம் இன்னும் போடல அத்தான்" என்றான். இதைத் தடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, சட்டென்று சொல்லிவிட்டான். பிறகு சுவரைப் பார்த்தான்.

"அறுவத்திரண்டு ஒடஞ்சிட்டுல்லா?"

"ஒடயல. ரெண்டு மூணு ரூபா கீழ போயிட்டுத் திரும்பும். பயந்தவன உதறி விட்டுட்டு மேல ஏறத்தான் பெரிய கை அப்படிச் செய்யும். இந்த நேரத்துல விக்கிறவன் முட்டாள்."

இது நானாகச் சொன்னதல்ல. வகுப்பில் சொன்னதுதான். பொய்யான உடைப்பு என்று தனியாக ஒரு பாடமே உண்டு.

"அப்பம் இந்த வெலையில வாங்கலாம்ங்கியளா?"

"பொறுமை உள்ளவன் வாங்குவான்."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மனது நிறைவாக இருந்தது.

ஜனவரி 27, வெள்ளி

மில்லில் பாதிச் சம்பளம் போட்டார்களாம். செண்பகம் போனில் பேசியது காதில் விழுந்துவிட்டது. விலை அறுபத்திரண்டு. சுழற்சி கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, சனி

செண்பகம் ஒட்டடை அடிக்கும்போது சுவர்ப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். நல்ல ரப்பர் என்று எழுதியிருந்தேன். அழித்த இடத்தில் காகிதத்தின் பளபளப்பு போயிருந்தது.

"அறுபதுன்னுதான போட்டிருந்திய?"

வாரப் படத்தில் பார்த்தால் என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு ஒங்க படம் புரியாது. ஆனா ஒண்ணு. நீங்க ஒரு வீட்டுக்குப் பிளான் போட்டுக் குடுத்து, கொத்தனாரு சுவத்தத் தள்ளி வச்சா ஏணியில ஏறி நின்னு சத்தம் போடுவிய. இப்பம் நீங்க போட்ட கோட்ட நீங்களே தள்ளி வைக்கிய."

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். ஐம்பத்தெட்டு வந்தால் விற்றுவிடுகிறேன், உன்மேல் சத்தியம் என்றேன். "எம்மேல எதுக்கு? ஒங்க மேலயே பண்ணுங்க" என்று ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 13, திங்கள்

விற்றுவிட்டேன். ஐம்பத்தெட்டு ரூபாய்க்கு, எல்லாவற்றையும்.

காலையிலிருந்து விலை சரிந்துகொண்டே வந்தது. ஐம்பத்தெட்டைத் தொட்டது. செண்பகம் பக்கத்தில் வந்து நின்றாள். பட்டனை அழுத்தினேன். இந்த மாதிரி ஆளரவம் இல்லாத பங்கில் இத்தனையை ஒரே விலைக்கு எவன் வாங்குவான், ஐம்பதுக்குத்தான் போகும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அதே விலையில் வாங்க ஆட்கள் நின்றார்கள். ஐம்பது பங்கு, நூறு, இருபத்தைந்து, முந்நூறு, மறுபடி ஐம்பது. ஒரு பெரிய கூடைத் தக்காளியைத் தெருவே சேர்ந்து வாங்கினதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் என் கணக்கு காலி.

எந்தப் புண்ணியவான்களோ. என்னைவிடப் பெரிய அசடுகள் நாட்டில் இருக்கிறார்கள்.

நஷ்டம்தான். ஆனாலும் பணத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. ஸ்டூலில் போய் உட்கார வேண்டாம். மாதக்கணக்கில் முதுகில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. செண்பகம் மாலையில் உளுந்த வடை போட்டாள்.

பிப்ரவரி 14, செவ்வாய்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். மிக்சி ஜார் வாங்கியாயிற்று.

பிப்ரவரி 17, வெள்ளி

செங்கமலம் மில் வாசலில் கதவடைப்பு அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பங்கு விற்க ஆள் இருக்கிறது, வாங்க ஒருவரும் இல்லை. நாற்பதுக்குக் கொடுத்தாலும் ஆளில்லை. இனி நினைத்தாலும் யாராலும் வெளியே வர முடியாது.

ஒழுங்காகக் கோட்டைப் பின்பற்றியதால் தப்பித்தேன். வகுப்புக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். அடுத்த வகுப்பில் வந்து இதைப் பேசுங்கள் சார் என்றார்.

பூவலிங்கத்தின் வேலையை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. செண்பகம் காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 19, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

பூவலிங்கம் வந்தான். துக்க வீட்டுக்கு வருகிறவன்போல் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மனசு விட்டுராதிய அத்தான். எங்களுக்காவது வயசு இருக்கு. ஒங்க பணமும் போச்சேன்னுதான் எனக்குத் தாங்கல."

எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறான். உனக்கு ஏதும் போயிற்றா, அந்தப் பத்துப் பங்குதானே என்று கேட்டேன்.

அவன் சொன்னான். நான் தீபாவளிக்குக் கொடுத்த ஜெராக்ஸை மில் கேண்டீனில் ஒட்டியிருக்கிறார்கள். மெஷினுக்குத் துணி போர்த்துவதைக் கண்ணால் பார்த்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறார்கள். நாம் பார்ப்பது ஒரு மூலை, படம் முழுவதையும் பார்க்கும் என்று பூவலிங்கம் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறான். சம்பளம் வந்த மறுநாள் ஆளுக்கு ஐம்பது, நூறு என்று வாங்கியிருக்கிறார்கள். விலை ஏறியிருக்கிறது. "பாத்தியளா, சார் சொன்ன பெரிய கை வந்துட்டான்" என்று அவர்களும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்.

"கான்கிரீட்டுப் பணம்?" என்று கேட்டாள் செண்பகம்.

"கொஞ்சம் தீவாளி கழிஞ்சு போட்டேன். மிச்சத்த போன திங்கக்கிழம போட்டேன் அக்கா. அன்னைக்கு எவனோ ஒருத்தன் மொத்தமா கொண்டாந்து தள்ளுனான். அதையும் நாம வாங்கிப் பிடிச்சிட்டா, அத்தான் சொன்ன மாதிரி திரும்பிரும்னு எல்லாருமாச் சேந்து கையில இருந்ததப் போட்டோம். சவரிமுத்து அண்ணன் சம்சாரத்துச் சீட்டுப் பணத்தப் போட்டாரு."

செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேனா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவளே சொல்லிவிட்டாள்.

"அவரு வித்துட்டாருடா. போன திங்கக்கிழமையே."

பூவலிங்கம் முதலில் சந்தோஷப்பட்டான். சத்தியமாக அவன் முகத்தில் அதுதான் முதலில் வந்தது. "நல்லதாப் போச்சு" என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவனுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. கையை மெல்ல எடுத்துக்கொண்டான்.

"என்ன வெலைக்கு அத்தான்?"

"அம்பத்தெட்டு."

"அப்பம் நாங்கதான் வாங்கிருக்கோம்."

கோபப்பட்டிருந்தால் தேவலை. எவனோ வாங்கினான் என்று நான் வடை தின்ற பணம் என் மச்சினன் வீட்டுக் கூரை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் போட்டதை அப்படியே எடுத்துத் தருகிறேன், நாளைக்கே கான்கிரீட் போடு என்றேன். செண்பகமும் அதையே சொன்னாள்.

"எனக்கு மட்டும் எப்படி அத்தான் வாங்குவேன்? சவரிமுத்து அண்ணன் மூஞ்சியில எப்படி முழிக்க? எல்லாத்துக்கும் குடுக்க ஒங்களால முடியாது." எழுந்துகொண்டே சொன்னான், "நீங்க வந்து அவ்வொட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. இன்னும் எல்லாரும் ஒங்களுக்கும் போச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காவ. பாவம் சார், பாவம் சார்னு அதையே பேசுதாவ. என்னால கேக்க முடியாது."

சாப்பிடாமல் போய்விட்டான். செண்பகம் சுவர்ப் படத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். நான் தடுக்கவில்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்

மில் வாசலுக்குப் போனேன். சாமியானா போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் நாலைந்து பேர் எழுந்து இடம் விட்டார்கள். யாரோ டீ வாங்கி வந்து கொடுத்தார்கள். என் பணமும் போனதாக நினைத்து முன்பின் தெரியாத ஒருவர் என் தோளைத் தட்டினார். இதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

சவரிமுத்து போனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். "சார், அடுத்த சப்போர்ட் எங்க இருக்கு?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "சார் சொல்ல மாட்டாரு. நேரம் வரும்போது சொல்லுவாரு." நான் சொன்னதையெல்லாம் நம்பியவர்கள், உள்ளபடி சொன்ன இந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை.

அப்புறம் சொன்னேன். எழுந்து நின்று சொன்னேன். எனக்கு ஒன்றும் போகவில்லை, நான் விற்றுவிட்டேன், நீங்கள் திங்கட்கிழமை வாங்கியதெல்லாம் என்னுடையதுதான், பெரிய கை என்று யாரும் கிடையாது, அது நீங்கள்தான் என்று. பூவலிங்கம் சாமியானாக் கம்பைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பலருக்கு நான் சொன்னது விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாடக்கண்ணுதான் கேட்டார். தீபாவளிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவது இப்போதுதான்.

"சார், அம்பத்தெட்டு வந்தா வித்துரணும்னு ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"ஆமா. அது நான் போட்ட கோடு."

"அந்தக் கோட்ட எங்களுக்கு ஏன் சார் சொல்லல?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பலகாரம் ஆறிவிடும் என்று நினைத்தேன், பிறகு மறந்துவிட்டேன் என்று ஏதேதோ சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கத்தில் உடம்பு எரிந்தது. மறந்தது உண்மைதான். ஆனால் நினைவு வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அத்தனை பேருக்கும் அந்த விலையைச் சொல்லியிருந்தால், அன்றைக்கு என்னிடம் வாங்க யார் இருந்திருப்பார்கள்?